சுழன்று வந்த ஒரு சொல்

ஆங்கில மொழியிலே 'ரெவலூஷன்' என்றொரு சொல் உண்டு. வரலாற்று ஆசிரியர் வகுப்பிலே அதனைச் சொன்னால், முடியிழந்த மன்னரும் கொதித்தெழுந்த மக்களும் மாணவர் கண்முன் தோன்றுவர். அடுத்த பாடவேளையிற் புவியியல் ஆசிரியர் அதே சொல்லை எடுத்தாளும்போது, பூமி ஞாயிற்றை ஏறத்தாழ 365¼ நாளில் ஒருமுறை சுற்றிவருதல் அதன் பொருளாகின்றது. பழைய கிராமபோன் இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலுமாயின், அச்சுழற்சிகளை எண்ணுவதும் இச்சொல்லாலேதான். அரசு கவிழ்தலும், கோள் சுற்றுதலும், தட்டுச் சுழலுதலும் ஒரு சொல்லுள் அடங்கியது எங்ஙனம்?

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலுள்ளது. மீளச் சுழலுதல் என்பதே அதன் மூலப் பொருள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருதலை அது குறித்தது. கொப்பர்னிக்கஸ் 1543 ஆம் ஆண்டில் வெளியிட்ட வானியல் நூலின் தலைப்பிலும் அது இப்பொருளிலேயே இடம்பெற்றது. விண்கோளங்களின் சுழற்சிகளைப் பற்றிய அந்நூல், பூமியே ஞாயிற்றைச் சுற்றுகின்றதென நிறுவ முற்பட்டு, மனிதரின் எண்ணத்தையே புரட்டிவிட்டது. சுழற்சியைக் கூறிய நூலே பின்னாளிற் புரட்சியெனப் போற்றப்பட்டமை வியப்புக்குரியதன்றோ!

வானத்திலிருந்து இச்சொல் அரசியலுக்கு இறங்கியபோதும் பழைய பொருளை உடனே கைவிடவில்லை. இங்கிலாந்திலே 1649 இல் முதலாம் சாள்ஸ் மன்னர் கொலைத் தண்டனைக்கு உள்ளானார். குரொம்வெல்லும் அவர் மகனும் ஆண்டபின், 1660 இல் இரண்டாம் சாள்ஸ் அரியணை ஏறினார். ஆட்சி மன்னர் குலத்திலிருந்து நீங்கி மீண்டும் அக்குலத்தையே அடைந்ததைத் தத்துவஞானி தோமஸ் ஹொப்ஸ் ஒரு வட்டச் சுழற்சியாகக் கண்டு இச்சொல்லை வழங்கினார். 1688 இல் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டோட, வில்லியமும் மேரியும் மறு ஆண்டில் முடிசூடினர். அதனை நிகழ்த்தியோர் தாம் புதிதொன்றைப் படைப்பதாகக் கூறவில்லை. பண்டை உரிமைகளை மீட்பதாகவே கூறினர். ஆயினும் விளைந்தது புதுமையே. பாராளுமன்றத்தின் கை ஓங்கிற்று. வென்றோர் அதற்கு 'மாண்புமிகு' என்னும் அடைமொழியையுஞ் சூட்டினர். அரியணை ஏறும் உரிமையை இழந்த கத்தோலிக்கருக்கோ அதில் மாண்பொன்றும் புலப்பட்டிராது.

1789 இல் பிரான்சு தேசத்து மக்கள் பஸ்தீல் சிறையைத் தகர்த்தனர். அதன்பின் இச்சொல்லின் திசையே மாறிவிட்டது. மீளுதலைக் குறித்த சொல், இனி மீளவொண்ணாத மாற்றத்தைக் குறிக்கலாயிற்று. வட்டம் நேர்கோடாயிற்று எனலாம்.

மற்றொரு விரிவும் நேர்ந்தது. ஆணல்ட் ரொயின்பி என்பார் ஒக்ஸ்போட்டில் ஆற்றிய விரிவுரைகள், அவர் மறைந்தபின் 1884 இல் நூலாக வெளிவந்து, 'கைத்தொழிற் புரட்சி' என்னும் வழக்கை ஆங்கிலத்திற் பரப்பின. இப்புரட்சிக்கு நாள் குறிக்க இயலாது. கோட்டை எதுவும் வீழவில்லை. எனினும் கைத்தறி நெசவாளர் பிழைப்பிழந்தனர். சிறுவர் ஆலைகளில் வாடினர். ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கமர்த்தலாகாதென 1833 இற் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஓசையின்றி வரும் மாற்றமும் உயிர்களை உலுக்கும் என்பதற்கு இதுவே சான்று.

தமிழிலோ 'புரட்சி' என்னுஞ் சொல் புரளுதலினின்று பிறந்தது. 1917 ஆம் ஆண்டின் உருசிய மாற்றத்தைப் பாடிய பாரதியார் இதனையே ஆண்டார். புரளுதலில் மேலது கீழாகும், கீழது மேலாகும். புறப்பட்ட இடத்துக்கு மீளுதல் அதன்கண் இல்லை. ஆதலால், ஆங்கிலச் சொல்லைக் காணுமிடமெல்லாம் 'புரட்சி' என்று எழுதும் மாணவன், பூமியும் ஆண்டுதோறும் புரட்சி செய்வதாகவே எழுத நேரும். கோளுக்குச் 'சுற்று', பொறிக்குச் 'சுழற்சி', நாட்டுக்குப் 'புரட்சி' என இடமறிந்து வழங்குதலே மொழிபெயர்ப்போன் கடன்.

மொழிபெயர்ப்புக்கு அப்பாலும் இதிலொரு படிப்பினை உண்டு. மாற்றத்தை வேண்டுவோர் சிலர் இழந்ததை மீட்க முனைகின்றனர். சிலர் என்றுமில்லாததை ஆக்க முனைகின்றனர். இருசாராரும் ஒரே சொல்லை முழங்கக்கூடும். முழக்கத்துக்குச் செவிசாய்க்குமுன், எப்பொருளில் முழங்குகின்றனர் என வினவுதல் அறிவுடைமையாகும்.