பாம்பன் பாலமும் பனம்பழக் காக்கையும்

(கோயமுத்தூரில் நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பெரியதொரு பால விபத்தில் மக்கள் கண்ட குறிகளையும், ஒன்றோடொன்று ஒத்து நிகழ்ந்த செய்திகளையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். பாம்பன் கடலில் நேர்ந்த விபத்தைக் குறித்து நம் கொங்கு நாட்டில் இன்று ஏன் பேசவேண்டும் என்று சிலர் வினவலாம். இராமேசுவரம் சென்று தீர்த்தமாடாத குடும்பம் நம்முள் அரிது. அன்றியும், இப்பேச்சு நம் வீட்டு முற்றம் வரையில் வந்து சேரும் என்பதைப் போகப் போக அறிவீர்கள்.

முதலில் நிகழ்ந்தது இன்னதெனக் கூறுவேன். பாம்பன் இரும்புப் பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு 145 கண்கள். கப்பல்களுக்கு வழிவிடத் திறந்து மூடும் தூக்குக் கண் ஒன்று நடுவில் இருந்தது. அப்பாலத்தைக் கடந்த புகைவண்டி தனுஷ்கோடி வரையில் செல்லும். அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் செல்வர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும் தருவாயில் புயலலையில் சிக்கி மூழ்கியது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை. தனுஷ்கோடி நகரமே அழிந்தது. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களில் பெரும்பாலானவற்றைக் கடல் வாரிக்கொண்டு போயிற்று. தூக்குக் கண் மட்டும் நிலைத்து நின்றது.

இனி மக்கள் கண்ட குறிகளைப் பாருங்கள். இராமபிரான் இலங்கையினின்று மீண்டபோது, விபீஷணன் வேண்டுகோளுக்கிணங்கி, தாம் கட்டிய சேதுவைத் தம் வில்லின் நுனியால் உடைத்தார் என்பது ஸ்தல வரலாறு. தனுஸ் என்பது வில். கோடி என்பது நுனி. பாலம் உடைந்த கதையைப் பெயராகவே பூண்ட ஊரில் பாலமும் பாதையும் அழிந்தன. புயலுக்குப் பின் செப்பனிடப்பட்ட அப்பழைய பாலம், துருவேறிப் பலங்குன்றிய காரணத்தால், 2022-ஆம் ஆண்டு அதே டிசம்பர் மாதத்தில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டது. அதனருகே எழுந்த புதிய பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் ஸ்ரீராமநவமியன்று திறக்கப்பட்டது. இவற்றை அடுக்கிக் கூறுங்கால் கேட்போர்க்கு மயிர்க்கூச்செறிவதில் வியப்பில்லை.

அம்மட்டோ? ஸ்காட்லாந்து தேசத்தில் டே என்னும் ஆற்றுக் கழிமுகத்தின்மேல் கட்டிய இரும்புப் பாலம், 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் இரவு, புயற்காற்றில் வண்டியோடு வீழ்ந்தது. அங்கும் டிசம்பர், அங்கும் இருள், அங்கும் ஒருவர் பிழைத்திலர். அன்று ஞாயிற்றுக்கிழமையாதலின், ஓய்வு நாளில் பிரயாணம் செய்த பாவத்திற்கு ஆண்டவன் இட்ட தண்டனை இதுவென அந்நாட்டுப் போதகர் சிலர் உரைத்தனர்.

இவ்வாறு காரணத் தொடர்பின்றி, பொருள் தொடர்பு மாத்திரம் உடையனபோல் இரண்டு நிகழ்ச்சிகள் ஒத்து நேர்வதற்கு யுங் என்னும் ஸ்விஸ் நாட்டு மனோதத்துவ அறிஞர் 1952-இல் தனிப்பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். நம் முன்னோர் அதற்கு நெடுங்காலத்திற்கு முன்னரே பெயர் வைத்திருந்தனர். காக்கை உட்காரப் பனம்பழம் வீழ்ந்த கதை என்பர் பாமரர். காகதாலீய நியாயம் என்பர் சாஸ்திரிகள். காக்கை உட்கார்ந்ததும் மெய். பழம் வீழ்ந்ததும் மெய். காக்கையால் வீழ்ந்ததா என்பதே கேள்வி.

சிறிது ஆராய்வோம். டிசம்பர் மாதம் வங்கக் கடலில் புயல் எழும் பருவம். ஸ்காட்லாந்திலும் அது குளிர்காலப் பெருங்காற்றின் பருவம். ஆகவே மாதம் ஒத்தமைக்குக் காரணம் வானிலை. தனுஷ்கோடி என்பது இருபுறமும் கடல் நெருக்க, இடையே நீண்டு கிடக்கும் மணற்றிட்டு. அதற்கப்பால் மணற்றிட்டுகள் தொடர்ந்தும் அறுந்தும் இலங்கை நோக்கிச் செல்கின்றன. அத்தோற்றத்தைக் கண்டோர் உள்ளத்தில் உடைந்த சேதுவின் கதை நிலைபெற்றது இயல்பே. கதைக்கு இடந்தந்த அக்கடலே வண்டியையும் கொண்டுபோயிற்று. கதையும் விபத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்; அவை முகஜாடை ஒத்திருத்தலில் அதிசயம் என்ன?

காங்கயத்தை அடுத்த சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருப்பதை யாவரும் அறிவீர்கள். பக்தர் ஒருவர் கனவிற் கண்ட பொருளை, சந்நிதியில் பூக்கேட்டு உத்தரவு பெற்றபின், அப்பெட்டியில் வைப்பர். தண்ணீர் வைத்தபின் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தது என்று நம்மவர் இன்றும் சொல்வர். அந்த வழக்கத்தை இகழ்தல் என் கருத்தன்று. ஆயின் ஒன்று சிந்தியுங்கள். தண்ணீருக்குப் பின் பெருமழை பெய்திருந்தாலும், மழை பொய்த்திருந்தாலும், ஆற்றுநீர் வழக்கு மூண்டிருந்தாலும், குறி பலித்ததென்றே கூறியிருப்போம். பொருள் முன்னே வருகிறது. அர்த்தத்தைப் பின்னே நாம் கொணர்ந்து பொருத்துகிறோம். கவனமாயிருங்கள் என்று பெட்டி சொல்வதாகக் கொள்வோர்க்கு நன்மையுண்டு. இன்னார்மீது பழி போடுங்கள் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.

இங்கேதான் அபாயம் தொடங்குகிறது. ஸ்காட்லாந்துப் போதகர் கண்ட குறி, இறந்தவர்கள்மீதே பழியைச் சுமத்தியது. பின்னர் விசாரணை செய்தோர், பாலத்தின் அமைப்பும் பழுது, கட்டுமானமும் பழுது, பராமரிப்பும் பழுது எனக் கண்டனர். காற்றின் வேகத்திற்கு வேண்டிய அளவு இடங்கொடாமற் கட்டியிருந்தனர். ஞாயிற்றுக்கிழமையைக் குற்றஞ்சாட்டி அமைந்திருந்தால் அடுத்த பாலமும் திங்கட்கிழமை வீழ்ந்திருக்கும்.

நம் கோயமுத்தூர் வழியே செல்லும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் 1988-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், கொல்லத்திற்கருகே பெருமண் பாலத்தில் அஷ்டமுடிக் காயலுக்குள் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீவின் பெயர் பூண்ட வண்டி நீரில் மூழ்கியதே என்று அதிலும் குறி காணலாம். விசாரணை அறிக்கை சுழற்காற்றைக் காரணமாகக் கூறியபோது மக்கள் பலர் ஏற்கவில்லை. காற்றின் தலையிற் பழியை வைத்துவிட்டால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் யார் சோதிப்பர் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

இனி நம் வீட்டிற்கு வருவோம். மணம் முடிந்து புதுப்பெண் இல்லம் புகுந்த மாதத்தில் மாமனார் மாரடைப்பால் இறக்கிறார். கிணறு வற்றுகிறது, விசைத்தறி நின்றுபோகிறது. உடனே, "அவள் கால் வைத்த நேரம்" என்று ஒரு வாய் சொல்கிறது. பத்து வாய் அதை ஒப்புகிறது. அந்தப் பெண் தன் ஆயுள் முழுதும் அச்சொல்லைச் சுமக்கிறாள். பிறந்த குழந்தைமீதும், கணவனை இழந்தவள்மீதும் இவ்வாறே பழி வீழ்கிறது. மாமனாரின் நோய்க்கு எத்தனை ஆண்டு வைத்தியம் பார்த்தோம், கிணற்றுக்கருகே எத்தனை ஆழ்துளைகள் இட்டோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. பனம்பழம் வீழ்ந்ததற்குக் காக்கையின் சிறகை ஒடிக்கும் செயலன்றோ இது?

அப்படியாயின் குறிகளே வேண்டாவோ? வேண்டும். எத்தகைய குறி என்பதைப் பாம்பனே கற்பிக்கிறது. அப்பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி அமைத்தனர். மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேற்பட்டுக் காற்று வீசினால், கைகாட்டி சிவப்பாகி வண்டியை நிறுத்தி வந்தது. அச்சிவப்பு விளக்கே உண்மைச் சகுனம். அது எவரையும் தூற்றாது, எல்லோரையும் காக்கும்.

புயலுக்குப்பின் பாலத்தைச் செப்பனிட ஆறு மாதம் ஆகுமென மதிப்பிட்டனர். நம் அண்டையிலுள்ள பாலக்காட்டுச் சீமையைச் சேர்ந்த ஸ்ரீதரன் என்னும் இளம் எஞ்சினீயர் பொறுப்பேற்று 46 நாட்களில் முடித்தார். கடலடியில் உத்திரங்கள் கிடக்கும் இடத்தை மீனவர்கள் சொல்ல, அவற்றையே மீட்டெடுத்துப் பொருத்தினர். அவர்களும் கடலைப் பார்த்துக் குறி கண்டவர்களே. அக்குறி பாலத்தை எழுப்ப உதவிற்று.

சபையோர்களே! மூன்று விண்ணப்பங்களோடு முடிப்பேன். நம் குடும்பங்களில் எந்த மரணத்திற்கும் நஷ்டத்திற்கும் ஒரு பெண்ணின் வரவையோ, ஒரு குழந்தையின் ஜனனத்தையோ காரணமாகக் கூறுவதில்லை என்று இச்சங்கம் தீர்மானிக்கட்டும். நொய்யலிலும் ஊர் ஓடைகளிலும் உள்ள தரைப்பாலங்களை மழைக்கு முன்னரே பார்வையிட்டு, பழுதுள்ளவற்றை உரிய அதிகாரிகளுக்கு எழுதி, வெள்ளம் மேலோடுங்கால் வண்டியை நிறுத்தும் துணிவை நம் இளைஞர்க்குக் கற்பிப்போம். ஆண்டுதோறும் டிசம்பர் 22-ஆம் நாள் அக்கடலில் மறைந்தோரை நினைத்து வீட்டில் ஓர் அகல் ஏற்றுவோம். அவ்விளக்கைக் காணும் குழந்தை காரணம் கேட்டால், காற்றளக்கும் கருவியின் கதையைச் சொல்லுங்கள்.