வீட்டுக்குள் எவ்வளவு?



செய்தியில் ஓர் எண்ணை வாசிப்பது எளிது. "கதிர்வீச்சு குறைந்துவிட்டது, மக்கள் வீடு திரும்பலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடலாம். ஆனால், அந்த அளவை எங்கே எடுத்தார்கள்? இதுதான் இன்று நான் எழுப்பும் கேள்வி.

2011 மார்ச் 11ஆம் தேதி ஜப்பானை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. புக்குஷிமா அணுமின் நிலையத்திலிருந்து கதிரியக்கப் பொருள்கள் வெளியேறின. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டுச் சென்றனர்.

அவர்கள் திரும்புவதற்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது. மணிக்கணக்கில் அது 3.8 மைக்ரோசீவர்ட். இந்தக் கணக்கில் ஒரு மனிதர் தினமும் 8 மணி நேரம் வெளியே, 16 மணி நேரம் மரவீட்டுக்குள் இருப்பார். வீட்டுக்குள் கதிர்வீச்சு, வெளியே உள்ளதில் 40 விழுக்காடு. அளவெடுப்பதோ வெளியே, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில்!

அந்த 40 விழுக்காடு ஓர் அனுமானம். எல்லா வீடும் ஒன்றா? கூரையில் சீசியம் படிந்தால், அதன் கதிர் மாடி அறையை எட்டும். தூய்மைப் பணியும் பெரும்பாலும் கூரை, முற்றத்து மேல்மண் என வெளியேதான் நடந்தது.

இன்னொன்று தூசி. ஜன்னல் இடுக்கிலும் கூரை இடைவெளியிலும் புகுந்து, அலமாரிக்குப் பின்னால் தங்கிவிடும். அறை நடுவே கருவியைப் பிடித்தால், வெளியிலிருந்து சுவரைத் தாண்டி வரும் கதிரும் அதில் சேர்ந்துவிடும். தூசியின் பங்கு தனியே தெரியாது. அதற்கு வேறு வழி உண்டு. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் பரப்பை வடிதாளால் துடைத்து, அந்தத் தாளைக் கதிர்வீச்சு குறைந்த இடத்தில் வைத்து அளப்பார்கள். கையில் ஒட்டக்கூடிய தூசி எவ்வளவு என்பது அப்போது தெரியும்.

பெரியவர்கள் நடப்பார்கள், குழந்தை தவழும், கையை வாயில் வைக்கும். சீசியம்-137 பாதியாகவே 30 ஆண்டுகள் ஆகும். தாய்க்குத் தேவை ஊரின் சராசரி அல்ல, தன் வீட்டுத் தரையின் அளவு.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அளந்து பார்த்துக் குறைவு என்று தெரிந்தால், அதைவிட நிம்மதி ஏது? அளக்காமல் சொல்லும் ஆறுதல்தான் நிற்காது. ஆகவே நேயர்களே, அடுத்த முறை ஓர் எண்ணைக் கேட்டால், எங்கே, எந்த உயரத்தில், எதை அளந்தார்கள் என்று கேளுங்கள்.