சொல் கேட்கப் போனவர்



வட்டார வழக்கை ஆராய்வோரும் நாட்டார் கதைகளைத் தொகுப்போரும் இன்று ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். இது அடிக்கடி வாய்ப்பதில்லை. மொழியியலார் ஒரு கிழவியின் கதையிலிருந்து நான்கு சொற்களைக் குறித்துக்கொண்டு கதையை விட்டுவிடுகிறார். கதை தொகுப்பவரோ அச்சுக்குப் போகும் முன் அவள் பேச்சைத் திருத்திவிடுகிறார். இரண்டுமே அவளுக்கு இழைக்கும் அநீதி என்று நான் கருதுகிறேன். அந்த அநீதியைச் செய்யாத ஓர் அறிஞரின் வாழ்க்கையைச் சொல்லி இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.

பிரான்சைச் சேர்ந்த ழெனவியேவ் மாசிஞோன் 1921இல் பிறந்தார். சூஃபி ஞானி அல்-ஹல்லாஜ் பற்றிய ஆய்வால் உலகறிந்த அரபு அறிஞர் லூயி மாசிஞோன் அவருடைய தந்தை. பெரிய நூலகம் உள்ள வீட்டில் வளர்ந்த பெண், தன் படிப்புக்கு மீனவர், உழவர் வீடுகளைத் தேடிப் போனார்.

1946இல் கனடாவின் கிழக்குக் கரைக்குச் சென்றார். அக்காடியா என்று பெயர் பெற்றிருந்த அந்தப் பகுதியில் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குடும்பங்கள் குடியேறின. 1671இல் எடுத்த கணக்கில் அவர்கள் சுமார் நானூறு பேர்தான். 1755 முதல் பிரிட்டிஷார் அவர்களை ஊர் ஊராகக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். சிதறியவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். மொழியைக் கைவிடாமல் இருந்தார்கள். பிரான்சின் எந்த மூலையிலிருந்து இவர்களின் முன்னோர் கப்பலேறினார்கள்? மாசிஞோன் அந்தக் கேள்விக்கு விடையை அவர்கள் பேச்சிலேயே தேடினார்.

அந்தப் பேச்சில் என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள். ‘நான்’ என்ற ஒருமைச் சொல்லோடு பன்மை வினைமுற்றைச் சேர்த்து ‘ழவோன்’ என்பார்கள். மின்னலுக்கு ‘எலுவாஸ்’ என்ற பழஞ்சொல். கப்பலைக் கயிற்றால் கட்டுவதைக் குறிக்கும் ‘அமாரே’ என்ற மாலுமிச் சொல்லைத் தரையில் எதைக் கட்டினாலும் சொல்வார்கள். கடலோரச் சதுப்பைக் கரைகட்டி வயலாக்கிய மக்கள் அவர்கள். கரைக்கு அடியில் மரத்தாலான மதகு ஒன்று வைப்பார்கள். வற்றத்தில் வயல்நீர் வெளியே போகும், ஏற்றத்தில் கதவு தானே மூடிக் கடலைத் தடுக்கும். அதற்குப் பெயர் ‘அபுவாத்தோ’. ஒவ்வொரு சொல்லையும் பொருளோடும் தொழிலோடும் சேர்த்து எழுதிக்கொண்டு, மேற்குப் பிரான்சின் கிராமப் பேச்சோடும் பழைய ஊர்ப் பதிவேடுகளோடும் ஒப்பிட்டார்.

1962இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஆய்வேட்டில் அவர் சுட்டிய இடங்களில் முக்கியமானது மேற்குப் பிரான்சின் லூதென் வட்டாரம். அதிலும் லா ஷோசே, மார்த்தெசே போன்ற சிற்றூர்கள். அக்காடியாவின் ஆளுநராக இருந்த தோல்னேயின் குடும்ப நிலங்கள் அங்கேதான் இருந்தன. இந்த முடிவு எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தாது என்று வம்சாவளி ஆய்வாளர்கள் பின்னர் வாதிட்டிருக்கிறார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் மின்னலுக்கான ஒரு சொல்லையும் குடியேற்ற வரலாற்றின் சான்றாக மதிக்கலாம் என்று காட்டியது அவருடைய உழைப்பு. அந்த வழி இன்றும் திறந்தே கிடக்கிறது.

சொல் கேட்கப் போன இடங்களில் அவர் கதையும் கேட்டார். மேற்குப் பிரான்சின் கதைகளுக்கு ஒரு தொகுப்பு. 1963இல் கோர்சிகா தீவின் கதைகள். 1965இல் வந்த நூல்தான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. பிரெத்தோன் மொழி வழங்கும் திரெகோர் பகுதியில், ஆளிச்செடியின் தண்டை அடித்து நார் பிரிக்கும் தொழிலாளர்கள் சொன்ன கதைகள் அவை. கதை சொன்னவர்களின் தொழிலை நூலின் தலைப்பிலேயே வைத்தார். நம் தொகுப்புகளில் எத்தனையில் கதைசொல்லியின் தொழில் ஓர் அடிக்குறிப்பாகவாவது இருக்கிறது? இந்தக் கேள்வியை முதலில் என்னை நோக்கியே கேட்டுக்கொள்கிறேன்.

1966இல் மாசிஞோன் இறந்தார். வயது ஐம்பதைக்கூட எட்டவில்லை. மேற்குப் பிரான்சின் மொழி, வாழ்வியல் வரைபடத் தொகுதிகளுக்காக அவர் ஊர் ஊராகத் திரட்டியவை அச்சேறாமல் இருந்தன. பிரிஜித் ஒரியோ என்ற ஆய்வாளர் அவற்றை எடுத்து, பணியைத் தொடர்ந்தார். முதல் தொகுதி 1971இல் வெளிவந்தபோது அட்டையில் இருவர் பெயரும் இருந்தன.

அச்சேறாத குறிப்பேடுகளோடு வந்திருப்பவர்கள் இந்த அவையில் பலர் உண்டு. அவற்றை இங்கே திறந்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.