ஐந்து விலங்குகளும் ஒரு பெயரும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் சில நாட்கள் தங்கித் திரும்பிய என்னை, அப்பயணம் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். கவிஞர்கள் கூடிய அவையாதலின் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒரு நிலத்தைப் பார்த்தல் என்பது யாது?

முதலில் ஒரு சொல். ‘சஃபாரி’யும் நம் வழக்கிலுள்ள ‘சவாரி’யும் ஒன்றென எண்ணுவோர் உண்டு. சவாரி பாரசீக வழி வந்தது. சஃபாரியோ பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லில் பிறந்து, சுவாகிலி மொழி வாயிலாக உலகெங்கும் பரவியது. ஐரோப்பிய வேட்டைக்காரர் வாயில் அது வேட்டைப் பயணமாயிற்று. இன்று துப்பாக்கியின் இடத்தில் புகைப்படக் கருவி வந்துள்ளது; வேட்டை மனம் முற்றும் மாறவில்லை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், ஆப்பிரிக்க எருமை ஆகியவற்றைப் ‘பெரும் ஐந்து’ என்பர். நடந்து சென்று வேட்டையாடுவதற்கு மிகக் கடினமும் ஆபத்தும் நிறைந்தவை என்று வேட்டைக்காரர் வகுத்த பட்டியல் அது. இன்றைய பயணியும் அந்த ஐந்தை எண்ணிக்கொண்டே விரைகிறார். இம்பாலா மான் கூட்டத்தை முதல் நாள் வியந்தவர், மறுநாள் திரும்பியும் பார்ப்பதில்லை.

எங்கள் வழிகாட்டி வண்டியை நிறுத்திய இடங்கள் பலவற்றில் விலங்கே இல்லை. மணலில் ஒரு சுவடு இருக்கும். மரப்பட்டையில் சேறு உரசிய தடம் இருக்கும். அல்லது சாணக் குவியல் இருக்கும். வெள்ளைக் காண்டாமிருகம் அகன்ற வாயால் புல் மேயும். கறுப்புக் காண்டாமிருகம் கூரிய மேலுதட்டால் தழையையும் சுள்ளியையும் பற்றித் தின்னும். சாணத்தில் இருப்பது புல்லா, சுள்ளியா என்று பார்த்தே வந்து சென்றது எதுவெனச் சொல்லிவிடுகிறார். காணாததைச் சுவடு கொண்டு அறியும் அக்கலை கவிஞருக்கு அயலானதன்று.

அக்கலையைப் பழகினால் மனிதரின் சுவடும் புலப்படும். பூங்காவின் தலைமை முகாமின் பெயர் ஸ்குகுசா. 1898இல் அறிவிக்கப்பட்ட சாபி காப்பகத்திற்கு 1902இல் பொறுப்பாளராக வந்தவர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன். வேட்டையை ஒடுக்கி விலங்குகளைக் காத்த பெருமை அவருக்கு உண்டு. 1926இல் தேசியப் பூங்கா உருவானதில் அவர் பங்கு பெரிது. காப்பகத்துள் வாழ்ந்த மக்களை வெளியேற்றியவரும் அவரே. சோங்கா மக்கள் அவருக்கு இட்ட பெயர்தான் ஸ்குகுசா. ‘துடைத்துப் பெருக்கியவர்’ என்றும் ‘யாவற்றையும் தலைகீழாக்கியவர்’ என்றும் பொருள் கூறுவர். புகழ்ச்சியா, பழியா? ஒற்றைச் சொல்லில் ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் படியாமலே பயணியர் வாயிலைக் கடக்கின்றனர்.

1969இல் பூங்காவின் வடகோடியில், லிம்போப்போ, லுவுவு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்திலிருந்து மக்குலேக்கே மக்கள் ஏறத்தாழ 3,000 பேரை நிறவெறி அரசு வெளியேற்றியது. அவ்வாட்சி வீழ்ந்தபின், 1994ஆம் ஆண்டின் நில மீட்புச் சட்டப்படி உரிமை கோரி, 1998இல் அவர்கள் அந்நிலத்தைத் திரும்பப் பெற்றனர். பெற்றபின் அங்கே குடியேறவில்லை. காடு காடாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தனர். பூங்கா நிர்வாகத்தோடு இணைந்து பேணும் அந்நிலத்தில் பயணியர் விடுதிகள் வழியே வருவாயும் பெறுகின்றனர். மக்கள் கைக்குப் போனால் காடு அழியும் என்ற அச்சத்திற்கு அவர்கள் அளித்த மறுமொழி அது.

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எனக் கருப்பொருளை ஒருசேர எண்ணியது நம் திணை மரபு. பறை முழக்க ஓர் ஆள் வேண்டும். தொழில் செய்ய ஓர் ஊர் வேண்டும். மனிதரைத் துடைத்தெடுத்த நிலத்தை அம்மரபு அறியாது. இயற்கையைப் பாடும் நம் இன்றைய கவிதைகள் பலவோ ஆளற்ற காட்டையே அழகென்று காட்டுகின்றன. அடுத்த பத்தாண்டுகளில் எந்த நிலத்தைப் பாட முற்பட்டாலும், இங்கே யார் இருந்தார்கள், அவர்கள் இதற்கு இட்ட பெயர் என்ன என்று கேட்டுவிட்டு எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.