பெருவிரல் நோவும் கைகொடுத்தலும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய எம்மை இவ்விழாவிற்கு அழைத்தோர், யாம் இலக்கியம் பற்றிப் பேசுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ மணிக்கட்டில் பெருவிரலின் அடியில் தோன்றும் ஒரு நோவு. 'மருத்துவர் அல்லாத இவர்க்கு இதனைப் பேச உரிமை யாது?' என்று சிலர் வினவலாம். உரிமை ஒன்று உண்டு. அந்நோவு எம் இல்லத்திற்கு வந்த காலத்தில் யாம் ஒரு பிழை செய்தோம். இவ்வவையிலுள்ள ஆடவருள் எவரும் அப்பிழையைச் செய்தலாகாது என்னும் விருப்பமே எம்மைப் பேசத் தூண்டியது.

சில ஆண்டுகளுக்கு முன் எமக்கு இரண்டாவது மகவு பிறந்தது. பிறந்த இரண்டாம் திங்களில் எம் இல்லாள், பெருவிரற் பக்கமாக மணிக்கட்டு வலிக்கின்றது என்றார். செம்பைத் தூக்க இயலவில்லை. துணியைப் பிழிய இயலவில்லை. குழந்தையை எடுக்குந்தோறும் முகம் சுருங்கும். யாம் யாது செய்தோம்? 'பிள்ளை பெற்ற உடம்பில் நோவு இல்லாதிருக்குமா?' என்று கூறி, மாணாக்கர் ஏடுகளைத் திருத்தப் போயினோம். எம் அன்னையாரோ, தாம் பிள்ளை பெற்ற காலத்தில் நாளொன்றுக்கு எட்டுக் குடம் நீர் சுமந்த வரலாற்றை எடுத்துரைத்தார். அண்டை வீட்டார் 'வாயு' என்றனர். எண்ணெய் இட்டு அழுத்தி உருவுவார் ஒருவர் வந்து பத்து நாள் உருவினார்; வீக்கம் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

ஒரு நாள் மாலை தூளியினின்று குழந்தையை எடுக்கும்போது பிடி நழுவிற்று. குழந்தை தூளிக்குள்ளேயே மீண்டும் வீழ்ந்தமையின் ஊறு யாதும் நேரவில்லை. ஆனால் அன்று எம் இல்லாள் அழுத அழுகை நோவினால் எழுந்தது அன்று. தம் கையைத் தாமே நம்ப இயலாமற் போன அச்சத்தினால் எழுந்தது. மறுநாளே மருத்துவரிடம் சென்றோம். அவர் ஒரு விரலால் ஓரிடத்தைத் தொட்டார். பெருவிரலை மெல்ல மடக்கிப் பார்த்தார். "இது வாயு அன்று; சோம்பலும் அன்று. தசைநாண் செல்லும் வழி இறுகிவிட்டது," என்றார். பின்னர் எம்மை நோக்கி, "உங்கள் வீட்டில் இவரையன்றிக் குழந்தையை எடுப்பவர் யார்?" என்று வினவினார். எம்மிடம் விடை இல்லை.

அவ்வினாவே இன்றைய சொற்பொழிவின் கரு. முதற்கண் நோயின் இயல்பைக் காண்போம்.

பெருவிரலை விரிப்பதற்கும் நிமிர்த்துவதற்கும் உரிய தசைகள் முன்கையில் உள்ளன. அத்தசைகளின் இழுப்பை விரலுக்குக் கொண்டு சேர்க்கும் கயிறுகளே தசைநாண்கள். அவற்றுள் இரண்டு, மணிக்கட்டின் பெருவிரற் பக்கத்தில் தடவினால் தட்டுப்படும் என்புமேட்டின் மீது ஒரு சிறு பள்ளத்தின் வழியே செல்கின்றன. நாண்கள் தெறித்து விலகாதவாறு வலிய பட்டை ஒன்று அப்பள்ளத்தைக் கூரைபோல் மூடியுள்ளது. பெருவிரல் அசையுந்தோறும் அக்குறுகிய வழியினூடே நாண்கள் போய் வருகின்றன. தறியில் விழுதின் கண்ணினூடே இழை செல்வதை நம் மரபினர்க்கு யாம் விளக்க வேண்டுவதில்லை. கண் குறுகினாலும் இழை தடித்தாலும் ஓட்டம் தடைப்படும் அன்றோ? அஃதே இங்கும் நிகழ்வது. ஓய்வின்றி ஒரே வகையாக இழுபடுதலால் பட்டையும் உறையும் தடிக்கின்றன, வழி குறுகுகின்றது, நாண் உராய்கின்றது, நோவு பிறக்கின்றது.

இந்நோயைத் தனி நோயாக வகுத்து உரைத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவராகிய பிரிட்ஸ் தெ கெர்வேன் என்பார். அவர் 1895-ஆம் ஆண்டில் இந்நோயுற்றார் ஐவரைப் பற்றி எழுதினார். ஆகலின் இன்றும் மருத்துவ உலகம் இதனை அவர் பெயராலேயே வழங்குகின்றது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1893-இல் வெளிவந்த கிரே என்பாரின் உடற்கூற்று நூற்பதிப்பு, இதனைச் 'சலவைப் பெண்டிரின் சுளுக்கு' என்று குறித்தது. துணி பிழியும் கைக்கு வரும் நோய் என்பது அப்பெயரின் கருத்து. இக்காலத்தில் 'தாய்மாரின் பெருவிரல்' என்றும் கூறுவர். இவ்விரு பெயர்களும் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றன. இது வேலை செய்யாத கைக்கு வரும் நோய் அன்று. ஓயாது வேலை செய்யும் கைக்கு வரும் நோய். அவ்வாறிருக்க, இந்நோயுற்றாளைச் சோம்பி என்பது எத்துணைக் கொடுமை!

ஆடவர்க்கும் இது வருமெனினும் மகளிர்க்கே மிகுதி. முப்பது முதல் ஐம்பது வரையுள்ள அகவையில் மிகுதியாகக் காணப்படும். மகப்பேற்றுக்குப் பின் சில வாரங்களில் தோன்றுதல் பெருவழக்கு. குழந்தையின் இரு அக்குளிலும் கை கொடுத்து, பெருவிரலை அகல விரித்துத் தூக்குகின்றோம் அல்லவா? நாண் இழுபட அதனினும் ஏற்ற நிலை வேறில்லை. குழந்தையோ நாளுக்கு நாள் எடை கூடுகின்றது. தூக்குதலும் நாளொன்றுக்குப் பன்முறை நிகழ்கின்றது. தார் சுற்றுதல், அறுந்த இழைகளைப் பிணைத்தல், நாடாவைச் செலுத்தும் கயிற்றை இடைவிடாது வெட்டி இழுத்தல், தேங்காய் துருவுதல், குடத்தைக் கழுத்தில் பற்றித் தூக்குதல் ஆகியனவும் இதற்கு இடந்தரும். இளைஞர் கைபேசியைப் பற்றிய கையின் பெருவிரலாலேயே நெடுநேரம் எழுத்துக்களைத் தட்டுகின்றனர். அவரும் இதனைக் கேட்டல் நன்று.

இனி, இதனை அறியுமாறு யாதெனின்: நோவு பெருவிரலின் அடியை அடுத்த மணிக்கட்டின் ஓரத்தில் நிற்கும், சிலர்க்கு முன்கை வரையில் ஏறும். அவ்விடத்தை அழுத்தினால் வலிக்கும். சிறு வீக்கமும் இருக்கலாம். கிள்ளும்போதும், பிழியும்போதும், திருகு மூடியைத் திறக்கும்போதும் வலி மிகும். பெருவிரலை உள்ளங்கையில் வைத்து ஏனை விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சிறுவிரற் பக்கமாக மெல்லச் சாய்த்தால் அவ்வோரத்தில் சுரீரென்று வலிக்கும். இம்முறையை ஐக்காஃப் என்பவர் 1927-இலும், இதனையொத்த மற்றொரு முறையைப் பிங்கல்ஸ்டைன் என்பவர் 1930-இலும் எழுதினர். இன்று இரண்டையும் பின்னவர் பெயராலேயே பலரும் அழைக்கின்றனர். நலமுள்ள கையிலும் இச்சோதனையில் சிறிது இழுப்புத் தோன்றும். ஆகலின் இரு கையையும் ஒப்பிட்டுக் காண்க. வலிந்து சாய்த்தலும், மீண்டும் மீண்டும் செய்து பார்த்தலும் கூடா.

பெருவிரல் நோவு யாவும் இந்நோயே எனத் துணிதலும் தவறு. கையூன்றி வீழ்ந்தபின் வலிப்பின் என்பு முறிந்திருக்கலாம். முதியோர்க்குப் பெருவிரலடி மூட்டே தேய்ந்திருக்கலாம். விரல்கள் மரத்து, இரவில் மதமதப்பு எழுப்புமாயின் அது நரம்பு நெருக்குண்ட வேறு நோய். சிவந்து, சூடேறி, காய்ச்சலும் உடன் வருமாயின் சீழ்ப்பற்று எனக் கொண்டு அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும்.

பரிகாரம் கூறுவோம். முதல் மருந்து ஓய்வு. ஓய்வு என்றது படுத்துக் கிடத்தலை அன்று. பெருவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் தரும் ஓய்வையே. அதற்கெனப் பெருவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்து அசையாது தாங்கும் சிம்பு மருந்துக் கடைகளில் கிடைக்கின்றது. மணிக்கட்டை மட்டும் தாங்கிப் பெருவிரலை விடுவது இந்நோய்க்குப் போதாது. மருத்துவர் கூறும் கால அளவிற்கு, பெரும்பாலும் சில வாரங்கள், அதனை அணிதல் வேண்டும். பனிக்கட்டியைத் துணியிற் சுற்றிப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் நோவிடத்தில் வைத்தல் வலியைத் தணிக்கும். வலி தணிக்கும் மாத்திரைகள் பயன் தருமெனினும், வயிற்றுப்புண் உடையாரும், சிறுநீரக நோயாளரும், கருவுற்றாரும், பாலூட்டும் தாயரும் மருத்துவரைக் கேளாது உண்ணற்க. நோவிடத்தை அழுத்தி உருவுதல் வேண்டா. அங்கே முன்னரே மிகுதியாக உள்ளது உராய்வு அன்றோ? நோவு தணிந்தபின் பெருவிரலை மெல்ல அசைத்துப் பழக்குதல் நன்று. நோகும் காலத்தில் வலிந்து இழுத்தல் தீது.

இவற்றால் தணியாதாயின், நாணின் உறைக்குள் ஸ்டீராய்டு என்னும் மருந்தை ஊசியால் இடுவர். பெரும்பாலார்க்கு ஒன்று அல்லது இரண்டு ஊசியிலேயே நலம் பிறக்கின்றது. ஊசியிட்ட இடத்தில் தோல் சிறிது வெளுத்தலும் மெலிதலும் சிலர்க்கு உண்டு. நீரிழிவு உடையார்க்குச் சில நாள் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். இவற்றை முன்னரே அறிந்து ஊசிக்கு இசைக. அதனாலும் தீராத சிலர்க்கே அறுவை வேண்டப்படும். இறுகிய பட்டையைக் கீறி வழியைத் திறத்தலே அவ்வறுவை. அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து செய்வர். தோலுணர்வு தரும் மெல்லிய நரம்புக் கிளைகள் அருகே ஓடுதலின், கை அறுவையிற் பழகியவரிடம் செய்துகொள்க.

அன்பர்காள்! மருந்தின் பட்டியல் முடிந்தது. ஆயினும் மருத்துவரின் வினா எஞ்சி நிற்கின்றது. சிம்பை அணிந்தவள் மறுகணமே குழந்தையைத் தூக்கி, துணியைப் பிழிந்து, தேங்காயைத் துருவ நேருமாயின் அச்சிம்பினால் யாது பயன்? ஓய்வைக் கடையில் விலைக்கு வாங்க இயலாது. ஒரு கைக்கு ஓய்வு வேண்டுமாயின் மற்றொரு கை அவ்வேலையை ஏற்றே ஆதல் வேண்டும். உதவுதலை நம் மொழியில் 'கைகொடுத்தல்' என்கின்றோம். பல்லாண்டு தமிழ் கற்பித்த யாம், அச்சொல்லின் பொருளை அந்த மருத்துவரின் வினாவிற்குப் பின்னரே உணர்ந்தோம்.

அன்று முதல் எம் இல்லத்து வழக்கம் மாறிற்று. பள்ளி செல்லுமுன் துணி பிழிதலும், மாலையில் குழந்தையை எடுத்து உலவுதலும் எம் பணி ஆயின. எட்டுக் குடம் சுமந்த எம் அன்னையாரோ மறுப்பொன்றும் உரையாது குழந்தையின் நீராட்டை ஏற்றுக்கொண்டார். ஒரு நாள் தம் பெருவிரலைத் தடவியவாறே, "எனக்கும் அந்நாளில் இப்படித்தான் இருந்தது, யாரிடம் சொல்வது?" என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது. நோவு இல்லாத காலம் என்று நாம் போற்றும் பழங்காலம், நோவைச் சொல்ல இயலாத காலமாகவும் இருந்தது போலும்! எம் இல்லாளுக்கு ஊசி வேண்டியதில்லை. ஏறத்தாழ ஆறு வாரத்தில் நோவு நீங்கிற்று.

ஆதலின் நம் குடும்பங்களுக்குச் சில விண்ணப்பங்கள். குழந்தையை அக்குளிற் பற்றித் தூக்காது, ஒரு முன்கையைப் பிட்டத்தின் கீழும் மற்றொரு கையை முதுகிலும் கொடுத்து, பெருவிரலை ஏனை விரல்களோடு சேர்த்து வைத்துத் தூக்குக. பாலூட்டும்போது குழந்தையின் தலையை மணிக்கட்டால் தாங்காது, தலையணையாலும் முன்கையாலும் தாங்குக. கனத்த துணிகளைத் திருகிப் பிழியாது, நீர் வடியவிட்டு உலர்த்துக. குடத்தையும் பானையையும் இரு கையால் அடியில் தாங்கி எடுக்க. தறியிலும் தாரிலும் இருப்போர் இடையிடையே கையை விடுத்து, இயன்றவிடத்து வேலையை மாற்றிக்கொள்க.

இவை யாவற்றினும் மேலாக, வீட்டில் ஒருத்தி 'கை நோகின்றது' என்றால் முதலில் நம்புக. காரணத்தைப் பிறகு ஆராயலாம். நம் மரபினர் கையால் வாழ்ந்த மரபினர். நெய்த கையைப் போற்றியது போலவே ஏந்திய கையையும் போற்றுவோமாக. 'வீட்டில் குழந்தையை வேறு யார் எடுப்பார்?' என்று நாளை ஒரு மருத்துவர் நம் இளைஞர் ஒருவரை வினவுவாராயின், அவர் எம்மைப் போல் நாணி நில்லாது, 'யான் எடுப்பேன்' என்று கூறுவாராக.