கட்டியின் பருமனா, அதன் உள்ளமைப்பா?

நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்து தொடங்கி இரண்டு மாதம் கடந்ததும் நோயாளிக்கு மறுபடி சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். வீட்டார் கேட்பது ஒன்றுதான்: மருந்து கேட்கிறதா? விடை பெரும்பாலும் நீளத்தை அளந்தே வருகிறது. முக்கியமான கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, பழைய படத்தோடு ஒப்பிடுகிறார்கள். கூட்டுத்தொகை 30 சதவீதம் குறைந்தால் பலன் தெரிகிறது என்று கணக்கு. இருந்ததிலேயே குறைந்த அளவைவிட 20 சதவீதமும், அத்துடன் 5 மில்லிமீட்டராவதும் கூடினால் நோய் முற்றுகிறது. இவை 2000இல் வகுத்து 2009இல் திருத்தப்பட்ட ‘ரெசிஸ்ட்’ விதிகள்.

இப்படி அளக்கும்போது படத்தில் உள்ள தகவலில் பெரும்பகுதி பயன்படாமலே போகிறது. சி.டி. கருவி தருவது அடிப்படையில் எண்களின் அடுக்கு. 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த கருவியை உருவாக்கியவர் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. அந்த எண்களின் அலகு அவர் பெயரால்தான் வழங்குகிறது: நீருக்கு 0, காற்றுக்கு -1000. ஒரு கட்டிக்குள் இத்தகைய எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவை சீராகப் பரவியுள்ளனவா, திட்டுத்திட்டாக மாறுகின்றனவா, கட்டியின் விளிம்பு வழவழப்பாக முடிகிறதா, முள்முள்ளாக நீள்கிறதா? அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டின் கண் இதை ஓரளவு பிடிக்கும். கணினி அதை எண்ணாகவே சொல்லிவிடும். இந்தக் கணக்கீட்டுக்கு ரேடியோமிக்ஸ் என்று பெயர்.

அதற்குப் பெரிய நம்பிக்கை ஊட்டியது ஹ்யூகோ ஆர்ட்ஸும் அவர் குழுவினரும் 2014இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. நுரையீரல், தலை-கழுத்துப் புற்றுநோய் கண்ட 1,019 பேரின் படங்களில் 440 கூறுகளை அவர்கள் கணக்கிட்டார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் சிகிச்சை பெற்ற 422 நுரையீரல் நோயாளிகளின் படங்களைக் கொண்டு நான்கே கூறுகள் அடங்கிய ஒரு ‘கையொப்பத்தை’ உருவாக்கி, வேறு நோயாளிகளிடம் சோதித்தார்கள். இரண்டிரண்டு பேராக ஒப்பிட்டு, யார் கூடுதல் காலம் வாழ்வார் என்று கேட்டபோது, நுரையீரல் நோயாளிகளில் 100க்கு ஏறத்தாழ 65 ஜோடிகளில் அது சரியாகச் சொன்னது. நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 சரியாக வரும். ஆகவே இது அதிசயமல்ல. ஆனால் ஊசி குத்தாமல், எப்படியும் எடுக்க வேண்டிய படத்திலிருந்தே கிடைத்தது என்பதுதான் அதன் கவர்ச்சி.

ஐந்து ஆண்டு கழித்து, 2019இல், கனடாவின் டொரன்டோவிலுள்ள பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தோர் அடங்கிய குழு அதே கையொப்பத்தை மறுபடி சோதித்தது. கட்டிக்குள் இருந்த எண்களை அவர்கள் தாறுமாறாகக் கலைத்துப் போட்டார்கள். உள்ளமைப்பு என்று எதுவுமே மிஞ்சவில்லை. அப்படியும் கையொப்பத்தின் கணிப்பு குலையவில்லை! அதன் கூறுகளில் பெரும்பாலானவை கட்டியின் பருமனையே வேறு பெயரில் அளந்துகொண்டிருந்தன. பெரிய கட்டி ஆபத்து மிகுந்தது என்பதோ மருத்துவம் நெடுங்காலமாக அறிந்தது.

இந்தத் துறையில் இதுவரை நடந்தவற்றில் மிகப் பெறுமதியானது இந்த மறுசோதனைதான். மாஸ்ட்ரிக்ட் படங்களைப் பொதுக் களஞ்சியத்தில் யாரும் எடுத்துப் பார்க்கும்படி முதல் குழுவினர் வைத்திருந்தார்கள். அந்தத் திறந்த மனம் இல்லையென்றால் குறை வெளிப்பட வெகுகாலம் ஆகியிருக்கும்.

இவ்வளவு எச்சரிக்கை தேவைப்பட்டாலும் இந்த முயற்சியைக் கைவிட முடியாது. காரணம், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் இமியூனோதெரபி சிகிச்சை. இது எல்லோருக்கும் பலிப்பதில்லை. யாருக்குப் பலிக்கும் என்று அறியச் செய்யும் பிடி-எல்1 புரதப் பரிசோதனை, பயாப்ஸியில் கிடைத்த ஒரு துணுக்குத் திசுவை மட்டுமே பார்க்கிறது. கட்டியின் மறுபக்கம் வேறு மாதிரி இருக்கலாம். சி.டி. படமோ கட்டி முழுவதையும் காட்டும். சிலருக்கு நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் திரண்டு புகுவதால், மருந்து கேட்கும்போதே கட்டி பெருத்ததுபோலத் தெரியும். நீளத்தை மட்டும் நம்பினால் நல்ல மருந்தை நிறுத்திவிட நேரும். அதனால்தான் 2017இல் வந்த ‘ஐ-ரெசிஸ்ட்’ விதிகள், முதல் பெருக்கத்தைக் கண்டதும் முடிவுகட்டாமல் 4 முதல் 8 வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கின்றன. அந்த வாரங்களை நோயாளியின் குடும்பம் எப்படிக் கழிக்கும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் அனந்த் மதபூஷி தலைமையிலான குழு இங்கேதான் வேறொரு வழியில் போனது. இமியூனோதெரபி பெற்ற 139 நுரையீரல் நோயாளிகளிடம், சிகிச்சைக்கு முன்பும் முதல் சில தவணைகளுக்குப் பின்பும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, கட்டிக்குள்ளும் அதைச் சுற்றியும் எண்கள் பரவியிருக்கும் பாங்கு, அதாவது இழைநயம், எவ்வாறு மாறுகிறது என்று கணக்கிட்டது. அந்த மாற்றம் மருந்தின் பலனோடும் ஆயுளோடும் தொடர்புகொண்டிருந்தது. பயாப்ஸித் திசுவில் இருந்த நிணநீர் அணுக்களின் அடர்த்தியோடும் அதைப் பொருத்திப் பார்த்தார்கள். எண்ணுக்குப் பின்னால் உயிரியல் காரணம் ஒன்றைத் தேடிய அந்தப் பொறுப்புணர்வு பாராட்டுக்குரியது.

படம் எடுக்கும் முறையும் எண்களைக் குலைக்கும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 32 நோயாளிகளுக்கு 15 நிமிட இடைவெளியில் இரண்டு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அதற்குள் கட்டி வளர்ந்திருக்க வழியில்லை. இருந்தும் அளவுகள் முழுக்க ஒத்துப்போகவில்லை. வெட்டுப்படத்தின் தடிமனையும் படத்தைக் கட்டமைக்கும் கணக்குமுறையையும் மாற்றினால் இழைநய எண்களும் மாறிவிடும். பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி 169 கூறுகளுக்கு ஒரே வாய்ப்பாட்டை 2020இல் வகுத்தது கணக்கை ஒருமைப்படுத்தியது. ஸ்கேன் எடுக்கும் விதம் இன்னும் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடுகிறது.

அடுத்து வேண்டியது, பழைய படங்களைக் கிளறாமல் புதிய நோயாளிகளைச் சேர்த்து நடத்தும் சோதனை. ஒரு பிரிவுக்கு இந்த எண்களைப் பார்த்தும், மறுபிரிவுக்குப் பார்க்காமலும் சிகிச்சையைத் தேர்ந்து, எந்தப் பிரிவினர் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று அது காட்ட வேண்டும். கட்டியின் பருமனை மட்டும் வைத்துக் கணித்தால் என்ன விடை வந்திருக்கும் என்பதையும் அதே அறிக்கையில் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.