அந்த மிஸ்ஸியின் பெயர்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியத்துறைக்குப் போன பழைய மாணவிகள் சார்பில் பேசும்படி எங்களைக் கேட்டீர்கள். கூடிக் கதைத்தபோது, எங்களைப் பற்றிப் பேசுவதை விட எங்களோடு நின்ற தாதியரைப் பற்றிப் பேசுவதென முடிவாயிற்று.

2009 இன் முதல் ஐந்து மாதங்களைப் பற்றி இங்குள்ள பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்வரிசையிலுள்ள மாணவிகள் அப்போது பிறந்திருக்கவில்லை; அவர்களுக்காகச் சுருக்கமாக. பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது எறிகணைகள் விழுந்தன. நோயாளரும் பணியாளரும் புதுமாத்தளனுக்கு இடம்பெயர, அங்கே ஒரு பாடசாலை வைத்தியசாலையாயிற்று. பெப்ரவரி 10 முதல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு காயக்காரரைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டு சென்றது. பிறகு கப்பல் புல்மோட்டைக்கு வந்தது. அங்கே இந்திய மருத்துவக் குழு கள வைத்தியசாலை நடத்தியது. அங்கிருந்து பலர் தரை வழியாக வவுனியாவுக்கு வந்தார்கள்.

நாங்கள் அப்போது இளம் வைத்தியர்கள். கட்டில்கள் நிறைந்து, கட்டிலுக்குக் கீழும் பாய் விரித்த காலம். ஒரு நாள் நாலு வயதுப் பையன் ஒருவன் தனியே வந்தான். காலில் பெரிய காயம். கூட வந்த அம்மம்மாவும் காயக்காரி. அவவை வழியில் மறித்து வேறு வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை வாய் திறக்கவில்லை.

அவன் சட்டையின் உட்புறத்தில் மருந்துப் பெட்டி அட்டை ஒன்று ஊசியால் குத்தப்பட்டிருந்தது. புதுமாத்தளனில் ஒரு தாதி எழுதியது. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், அம்மம்மாவின் பெயர், கொடுத்த மருந்து, கொடுத்த நேரம். கடைசியில் இரண்டு வரி: "இருட்டுக்குப் பயம். கையைப் பிடித்தால் நித்திரை கொள்வான்."

எத்தனை பேருக்கு நடுவில் நின்று, என்ன சத்தத்துக்குள் அதை எழுதினாவோ! எங்கள் விடுதியில் இரவுக் கடமைக்கு வந்த தாதி அதை வாசித்துவிட்டு, கதிரையை அவன் அருகில் இழுத்துப் போட்டா. ஒரு கையால் அவன் கையைப் பிடித்தபடி மறு கையால் டிக்கெட் எழுதினா. அந்த அட்டையைப் பார்த்துத் தகப்பனின் விபரத்தைத் துண்டுகளில் எழுதி, செட்டிகுளம் முகாமுக்குப் போய் வருபவர்களிடமெல்லாம் கொடுத்து விட்டதும் அவதான். தன் ஓய்வு நேரத்தில் செய்த வேலை.

இரண்டு மாதங்கள் கழிந்து, முகாமிலிருந்து அனுமதி பெற்றுத் தகப்பன் வந்தார். மனைவியை இழந்தவர், மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கப்பல் ஏற முடியாமல் நின்றவர். எங்கள் கையைப் பிடித்து அழுதார். பிறகு அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டொக்டர், நீங்கள் காலைக் காப்பாத்தினியள். இவ பிள்ளையைத் திருப்பித் தந்தவ. எந்த மிஸ்ஸி எண்டு தெரியுமோ?"

எங்களுக்குத் தெரியவில்லை. இரவில் கை பிடித்திருந்த தாதியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவவுக்கு முன்னால் அவர் கைகூப்பி நின்றார். அவவோ சங்கடப்பட்டு, "ஐயா, நேரத்துக்கு மருந்தைக் குடுங்கோ" என்றா.

மீளக் குடியேறிய பிறகு அவர் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் வைத்தியசாலைகளில் அந்த எழுத்துக்காரியைத் தேடியிருக்கிறார். அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வைத்திருக்கிறார். இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கிளினிக் கொப்பியில் வைத்தியரின் பெயர் இருக்கும். விழித்திருந்தவரின் பெயர் இராது. இறுதிவரை உள்ளே நின்ற வைத்தியர்கள் சிலரின் பெயர்களாவது உலகச் செய்திகளில் வந்தன. அவர்களோடு நின்ற தாதியரின் பெயர்கள் எதில் வந்தன?

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820 மே 12 இல் பிறந்தார். அந்த நாளே சர்வதேச தாதியர் தினம். 2009 இல் அதே மே 12 அன்றுதான் முள்ளிவாய்க்காலில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலை எறிகணைக்கு இலக்கானது. எங்கள் பகுதியில் தாதியர் தினத்துக்குக் கேக் வெட்டும்போது இதையும் ஒரு நிமிடம் நினைக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இன்னொன்று. இந்த மலருக்காக வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணிகளான பழைய மாணவிகளின் பட்டியலைச் சங்கம் அழகாகத் தயாரித்திருக்கிறது. தாதியரின் பட்டியல் அதில் இல்லை. அச்சகத்துக்குப் போக இன்னும் இரண்டு கிழமை இருப்பதாகச் செயலாளர் சொல்கிறா. தாதியராகவும் குடும்பநல உத்தியோகத்தர்களாகவும் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்களும்தான், தேநீர் வேளையில் மேடையின் வலப்பக்க மேசைக்கு வாருங்கள். கொப்பியும் பேனையும் வைத்திருக்கிறோம். வர முடியாதவர்களின் பெயரைத் தோழிகள் சொல்லுங்கள். காலமானவர்களின் பெயரையும்.